கருப்பிக்குப் புல்

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் சீடர்கள் குளத்தில் இறங்கி, "இல்லாததை உண்டென்று சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவுவார்கள். மடத்துப் பள்ளியை நடத்திவந்த சீடர் சாத்தையா, பிள்ளைகளையும் அப்படிச் சொல்ல வைத்தார். நல்லது கொஞ்சம் கூடினால் கெட்டுவிடவா போகிறது என்று நினைத்தார், பாவம்.

பள்ளியில் செவந்தி என்று ஒரு சிறுமி. அவள் கூடவே கருப்பி என்று ஓர் ஆடு வரும். அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பாடத்துக்கு நடுவே அதை அதட்டுவாள். ஒருநாள் சாத்தையா அவளை எழுப்பி நிறுத்தி, எல்லார் முன்னாலும் "ஆடு இல்லை" என்று சொல்லச் செய்தார். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சில வாரம் கழித்து அவர் மடத்துக் குருவிடம் வந்தார்.

"சாமி, செவந்திக்குக் கணக்கு ஏறவே மாட்டேங்குது. அவங்கப்பன், 'மக்குப் பிள்ளை, நாளையிலருந்து பருத்திக்காட்டு வேலைக்கு வரட்டும்'ங்கிறான். எனக்கு மனசு கேக்கலை."

"என்ன கணக்குக் கேட்டே?"

"உங்கிட்ட அஞ்சு மாம்பழம் இருக்கு, ரெண்டைத் தின்னுட்டா மீதி எத்தனைன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"எங்கிட்ட மாம்பழமே இல்லையேங்கிறா."

"பொய் சொல்லலையே."

சாத்தையாவின் முகம் தொங்கிப்போனது.

குரு எழுந்துபோய்ப் புல் அறுத்து, ஒரு கட்டாகக் கட்டி எடுத்துவந்தார்.

"இல்லைன்னு சொல்ல வச்சியே, அந்த ஆட்டுக்குப் போட்டுட்டு வா."

"இல்லாத ஆட்டுக்கா சாமி?"

"பட்டினி கிடக்கும். போ."

செவந்தி பள்ளி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் புல்லை நீட்டியபோது சாத்தையாவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கருப்பிக்கு."

"ஆடு இல்லைன்னு நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?"

"தெரியாம சொல்லிட்டேன் தாயி."

அவள் புல்லை வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு கட்டைப் பிரித்தாள்.

"மொத்தமாப் போட்டா சண்டை வரும். கருப்பி மூணு குட்டி போட்டிருக்கு. நாலு பேருக்கும் ரெண்டு ரெண்டு கொத்து, மொத்தம் எட்டு. சின்னக் குட்டிக்கு வயிறு சரியில்லை, அதுக்கு வேணாம். அப்ப ஆறு போதும்."

சாத்தையா மடத்துக்கு ஓடாத குறையாக வந்தார்.

"சாமி, கணக்குப் போடுறா! கேக்காமலே போடுறா! அவங்கப்பனைக் கூட்டிட்டு வந்து காட்டப்போறேன்."

குரு அவருடைய வெறுங்கையைப் பார்த்தார். "புல் எங்கே?"

"கருப்பி தின்னுடுச்சு சாமி."

சொன்ன பிறகுதான் காலையில் குளத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி வச்சியா?" என்றார் குரு.