படுத்துக்கொண்ட கிணறு

வெண்கரை என்றொரு ஊர். அங்கே ராஜா இருந்தார், கோட்டை இருந்தது, தெருவுக்குத் தெரு கிணறும் இருந்தது. வாயில் வைக்கத்தான் தண்ணீர் இல்லை. அத்தனையும் உப்பு. அதைக் குடித்துவிட்டுக் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தன.

ஆற்றுக்கு அக்கரையில், குன்றின் மேல், கற்கண்டாய் இனிக்கும் சுனை ஒன்று உண்டு. ஆனால் ஆற்றின் மேல் எந்த வாய்க்கால் கட்டினாலும் வெள்ளம் வாரிக்கொண்டு போய்விடும்.

ராஜா மாறவேள் சபையின் கெட்டிக்காரனான அம்பலக்கூத்தனைக் கூப்பிட்டார்.

"கூத்தா, மழைக்கு முன் சுனைத் தண்ணீர் ஊருக்குள் வரவேண்டும்."

"மேலே ஆறு விடாது, மகாராஜா. ஆற்றுக்கு அடியில் துளைத்துக் குழாய் பதித்துவிடலாம்."

"பொறும், பொறும்!" என்று எழுந்தார் மந்திரி உலகளந்தார். தும்மினால்கூட யார் பொறுப்பு என்று கேட்கிற மனிதர். "பூமியைத் துளைக்க அனுமதி வேண்டும்."

"கொடுங்களேன்."

"அடியில் மணலா, பாறையா என்று முதலில் காட்டும். பிறகு தருகிறேன்."

"துளைத்தால்தானே தெரியும்?"

"அனுமதியில்லாமல் எப்படித் துளைப்பீர்?"

கூத்தன் ராஜாவைப் பார்த்தான். ராஜா விட்டத்தைப் பார்த்தார். அந்தச் சட்டத்துக்கு முத்திரை வைத்தவரே அவர்தான்.

கூத்தன் வாதாடவில்லை. கல்தச்சர் தலைவன் நல்லணனை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் வேலையைத் தொடங்கிவிட்டான். முதல் துளை மணலில் போனது. ஒருநாள் மேல்மணல் சரிந்து ஆறு உள்ளே பாய்ந்தது. நல்லணனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். கூத்தன் உளியைக் கீழே போட்டான்.

"மந்திரி பயந்ததில் தப்பில்லை, நல்லணா. விட்டுவிடலாமா?"

நல்லணன் மண்ணைத் துப்பினான். "என் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஐயா. இன்னும் கீழே போவோம். பாறை சரியாது."

சரியவில்லை. உளிகள் தேய்ந்தன, தோள்கள் வீங்கின. மழை தொடங்குமுன் சுனைத் தண்ணீர் பாறைக்குள் இறங்கி, ஆற்றைக் கடந்து, கோட்டை வாசலில் பொங்கியது. ஊரே குடத்தோடு ஓடி வந்தது. உலகளந்தார் காவலரோடு ஓடி வந்தார். கூத்தன் கையைக் கட்டி, சபையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அனுமதியில்லாமல் துளைத்த குற்றவாளி இவன், மகாராஜா!"

"மந்திரியாரே," என்றான் கூத்தன், "குடிநீர்க் கிணறு தோண்ட அனுமதி வேண்டுமா?"

"வேண்டாம். பாட்டனார் காலத்து ஆணை. யாரும் எங்கும் தோண்டலாம்."

"நானும் கிணறுதான் தோண்டினேன்."

"கிணறா? ஆற்றுக்கு அடியில் குறுக்காகப் போகிறதே!"

"இறங்கியதென்னவோ நேராகத்தான். பாறையைக் கண்டதும் அலுப்பில் படுத்துவிட்டது. கிணறு நின்றுகொண்டேதான் இருக்கவேண்டும் என்று ஆணையில் உண்டா?"

உலகளந்தார் யோசித்தார். இல்லை. ஆனாலும் விடுவாரா?

"கிணறு என்றால் கயிறு எங்கே? வாளி எங்கே?"

கூத்தன் கட்டிய கைகளை நீட்டினான். "கயிற்றை நீங்களே கட்டிவிட்டீர்கள். வாளியையும் நீங்களே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். குற்றவாளி!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கிவிட்டது. கூத்தனுக்கும் நல்லணனுக்கும் குன்றடியில் ஆளுக்கொரு தோட்டம் கொடுத்தார். உலகளந்தாருக்கு ஒரு செம்பு சுனைத் தண்ணீர். அவர் அதை முகர்ந்தார், உற்று உற்றுப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டார். அனுமதி எதுவும் கேட்கவில்லை.