தவிட்டுக்குருவிகள் ஒன்றாகக் கத்துவது ஏன்?

பறவைக்கும் பாம்புக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் இப்படிக் கூச்சல் போடுகிற இனமே இல்லை. ஒருத்தி பேசினால் மற்றவள் வாயைத் திறக்கமாட்டாள். அத்தனை மரியாதை.

ஓடைக்கரை வேலமரத்தில் அக்கா தங்கைகள் ஏழு பேர் இருந்தார்கள். மூத்தவள் மூக்காயி. கடைக்குட்டி அரும்பு. ஐந்தாவது செவந்தி. இரை தேடித் திரும்பியதும் எல்லாரும் வந்தாயிற்றா என்று எண்ணுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவளில் தொடங்கி வயசுப்படி ஒரே கிளையில் உட்கார வேண்டும். வரிசை மாறினால் ஆள் குறைந்துபோகும் என்று அப்படி ஒரு பயம்.

ஒருநாள் ஓடையில் இரை தேடும்போது வல்லூறு பாய்ந்தது. திசைக்கொருத்தியாகச் சிதறியவர்கள் பதறிக்கொண்டு மரத்துக்கு வந்து இலைக்குள் ஒளிந்தார்கள்.

"வரிசையா வாங்கடி, எண்ணணும்" என்றாள் மூக்காயி.

அங்கேதான் வம்பு. ஏழு பேரில் வீராயியும் காத்தாயியும் ஒரே காலையில் முட்டை ஓட்டை உடைத்து வெளியே வந்தவர்கள்.

"நான்தான்டி முந்தி."

"நீ மூக்கைத்தான் நீட்டினே. முழுசா வந்தது நான்!"

செவந்திக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் சண்டை எப்போது தீர, எப்போது எண்ண? துணிந்து இருந்த இடத்திலிருந்தே எண்ணினாள். மேலே சண்டைக்காரிகள் இரண்டு பேர். நடுக்கிளை வெறுங்கிளை, அதைச் சேர்த்தாலும் ஒன்றும் கூடவில்லை. கீழே மூன்று பேர். தன்னையும் சேர்த்தால் ஆறு.

ஐயோ, முறை தவறியதால் குறைந்துவிட்டதோ? இப்போது தன்னிலிருந்து ஆரம்பித்தாள். தான் ஒருத்தி, கீழே மூன்று, மேலே இரண்டு. அதே ஆறு. கீழிருப்பவர்களையும் மேலிருப்பவர்களையும் முதலில் சேர்த்துவிட்டுத் தன்னைக் கடைசியில் வைத்தாள். அப்போதும் ஆறு.

"அக்கா, ஒருத்தியைக் காணோம்!"

"முறை தப்பி எண்ணினா குறையத்தான்டி செய்யும்!" என்று சீறினாள் மூக்காயி.

"அதனால குறைஞ்சிருந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற வரணுமே அக்கா. எந்தப் பக்கம் ஆரம்பிச்சாலும் ஆறுதான் வருது. நிஜமாவே ஒருத்தி இல்லை!"

மூக்காயி சுற்றிலும் பார்த்தாள். "அடியாத்தீ, அரும்பு!"

ஆறு பேரும் ஓடையை நோக்கிப் பறந்தார்கள். அங்கே முட்புதரில் கால் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தாள் அரும்பு. கீழே ஒரு சாரைப்பாம்பு தலையைத் தூக்கி, "அசையாதே கண்ணு, வலிக்காம முழுங்கிடறேன்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தது.

ஆறு பேரும் ஒரே குரலாகக் கத்திக்கொண்டு அதன்மேல் விழுந்தார்கள்.

"ஒரு வாய்த் தீனிக்கு இத்தனை வாயா!" என்று பாம்பு வளைக்குள் ஓடிப்போனது.

அரும்பின் காலிலிருந்து முள்ளை எடுத்துவிட்டு மூக்காயி செவந்தியிடம் திரும்பினாள். "அடி கெட்டிக்காரி! நான் வரிசையைப் பார்த்தேன், நீ ஆளைப் பார்த்தே. இனிமே என்னை வச்சுத்தான் ஆரம்பிக்கணும்னு இல்லை. அவளவ இருக்கிற இடத்திலிருந்தே எண்ணுங்கடி."

வேலிப்பக்கம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தினால் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கொரு பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் வருகிறது. செவந்தி துணிந்து எண்ணிய அன்றைக்குப் பிடித்த கூச்சல், இன்றுவரை ஓயவில்லை.