கையை விட்டுப் போகாத பொற்காசு

மந்தப்பாடி வெள்ளியங்கிரி வீட்டில் மழை வெளியே நின்ற பிறகும் உள்ளே பெய்துகொண்டிருக்கும். "ஒழுகாத கூரை போட்டுட்டுக் கூப்பிடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவன் மனைவி பாவாயி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் நனைவதற்குக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. கூரைக்கு முட்டுக்கொடுக்கக் குழி தோண்டினான். பழைய பொற்காசு ஒன்று அகப்பட்டது.

கூட்டாளிகள் தொட்டியப்பனும் மாசிலாமணியும் அவனை டவுனில் பழங்காசு ஏலம் விடும் கடைக்குக் கூட்டிப்போனார்கள். தரம் பார்க்கும் அம்மாள் அவன் உள்ளங்கையில் இருந்தபடியே காசை லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"தேய்மானமே இல்லை. முதல் தரம். ஒருத்தர் கையை விட்டு இன்னொருத்தர் கைக்குப் போகப் போகத்தான் காசு தேயும், விலையும் இறங்கும். பத்திரமா வச்சிருங்க."

வெள்ளியங்கிரி அப்போதே கையை மூடிக்கொண்டான். ஏலம் அடுத்த வாரம். அதுவரை இடக்கையால் சாப்பிட்டான். மூடிய கையில் அரித்தால் மாசிலாமணி சொறிந்துவிட்டான்.

"தூங்கறப்போ கை திறந்துக்குமே?" என்றான் தொட்டியப்பன்.

"அவன் தூங்கட்டும். கையை மட்டும் முழிச்சிருக்கச் சொல்லலாம்" என்றான் மாசிலாமணி.

"அதை அவன் காதுல சொல்றதா, கையிலயே சொல்றதா?"

நெடுநேரம் யோசித்து, கையிடமே சொன்னார்கள். காதில் சொன்னால் ஆளும் விழித்துக்கொள்வானே.

ஏலத்தன்று எல்லாருக்கும் காசு தெரியவேண்டும் என்று இருவரும் அவன் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஏலம் விடுபவரோ அவனும் விலை கேட்கிறான் என்று நினைத்தார். மில் முதலாளி ரத்தினசபாபதி விலையை ஏற்றினார். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லையோ என்று இவர்கள் கையை இன்னும் உயர்த்தினார்கள். அவர் மறுபடி ஏற்றினார். கடைசியில் வெள்ளியங்கிரி தொட்டியப்பன் தோளில் உட்கார்ந்திருந்தான். விலை அதற்கும் மேலே. இனிக் கையை உயர்த்த வழியில்லாததால் ஏலம் முதலாளிக்கு முடிந்தது.

"காசைக் குடுப்பா."

"எப்படீங்க குடுக்கறது? என் கையை விட்டு உங்க கைக்கு வந்தாத் தரம் இறங்கிடுமே! உங்களை ஏமாத்தச் சொல்றீங்களா?"

முதலாளி திடுக்கிட்டு அம்மாளைப் பார்த்தார்.

"ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள் அவள்.

"துளிகூடத் தேயாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றார் முதலாளி.

அம்மாள் நேர்மையானவள். "துளின்னா..." என்று இழுத்தாள்.

முதலாளி முதல் தரம் தவிர எதையும் வீட்டில் வைப்பவரல்ல. காசைக் கையோடும், கையை ஆளோடும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கூட்டாளிகள் பணத்தை வாங்கிவந்து, பாவாயி சொன்னபடி கூரைக்கு ஓடு போட்டு, அவளைக் கூப்பிட்டார்கள்.

முதலாளி வீட்டுக் கண்ணாடி அலமாரியில், மற்றக் காசுகளுக்கு நடுவே, வெள்ளியங்கிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஊரில் மழை பெய்யுமா, அவள் வந்திருப்பாளா என்பதே நினைப்பு. ஒருநாள் பாவாயியே மூச்சிரைக்க வந்து நின்றாள். அலமாரியைத் திறந்து அவன் கையைப் பிடித்தாள்.

"வாங்க மாமா. ஒரு சொட்டுகூட ஒழுகல."

அவனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"தொடாதே புள்ளே! நான் இப்ப முதல் தரம்."

பாவாயி பயந்துபோய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சற்று யோசித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற முதலாளியிடம் தணிந்த குரலில் கேட்டாள்:

"ஏனுங்க மொதலாளி, ரெண்டாம் தரத்துல ஒண்ணு இருந்தாக் குடுங்களேன். வீட்டுப் புழக்கத்துக்கு அது போதுமுங்க."