அழுகாத முட்டையின் நாற்றம்

பேட்டரி என்பது கரண்டை ஊற்றி வைக்கும் குடம் என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. குடம் நிறைந்தால் வழியும், வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம் என்று அதற்கு ஒரு கிளை நம்பிக்கையும் உண்டு. மனிதகுலத்தின் நன்மை கருதி இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே மறுத்துவிட வேண்டியிருக்கிறது. பேட்டரி குடம் அல்ல, வயிறு. அளவோடு ஊட்டினால் செரிக்கும். அளவு மீறினால் வாயு சேரும். அந்த வாயு நெருப்பைக் கண்டால் வயிறே வெடிக்கும். உள்ளே இருக்கும் அமிலம் எதிரே இருப்பவர் முகத்தில் போய் விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நாமக்கல் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டுக்குள் அப்படி ஒரு வயிற்றுக்கு ஊட்டல் நடந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்துவின் முட்டை வண்டி மதியம் ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் பேட்டரியைக் கழற்றிப் பலகைமேல் வைத்து, பழைய சார்ஜரை மாட்டி, அதன் குமிழைக் கடைசிவரை திருகினார். சாரல் அடித்ததால் ஷட்டரை இறக்கினார். "நல்லா நெறயட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்தச் சார்ஜர், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற ஆளைப் போன்றது.

"போதும்," என்றது பேட்டரி.

"கூச்சப்படாதீர்கள். இன்னும் கொஞ்சம்."

"நிஜமாகவே போதும். உள்ளே கொதிக்கிறது."

"பந்தியில் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் திருகிவிட்ட அளவுதான் கணக்கு. நிறுத்தச் சொல்லி யாரும் திருகவில்லையே?"

பேட்டரியின் மூடிகளில் இருந்த துளைகள் வழியே வாயு கிளம்பியது. அதற்கு நிறமில்லை, கனமில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. நேராகப் போய்க் கூரைத் தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"வழி எங்கே?" என்று கேட்டது.

"என்னை யாராவது தூக்கினால்தான் வழி," என்றது ஷட்டர்.

"பின்னால் வருகிறவர்கள் எல்லாம் எங்கே நிற்பார்கள்?"

அவர்கள் பலகையைச் சுற்றியே நின்றார்கள்.

அப்போது பக்கக் கதவைத் திறந்துகொண்டு நாச்சிமுத்து வந்தார். ஒரு கையில் கற்பூரத் தட்டு, மறு கையில் தீப்பெட்டி. மழைக்குப் பயந்து கதவைச் சாத்தினார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா இப்புடிப் படுத்துக்கிட்டயே," என்று வண்டியைத் தட்டினார். பிறகு பேட்டரி பக்கம் திரும்பினார். "வண்டிக்குக் காட்டி என்ன பண்றது? மக்கர் பண்ணுனது நீயி. மொதல்ல உனக்குத்தான் காட்டோணும்."

பலகைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பயப்படாதே," என்றது தட்டில் இருந்த கற்பூரம். "என்னை இதுவரை யாரும் வேண்டாம் என்றதில்லை. எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்."

"அதற்கு அவருக்குக் கண் மிஞ்ச வேண்டுமே," என்றது பேட்டரி.

பேட்டரியைக் கவ்வியிருந்த சார்ஜரின் சிவப்புக் கிளிப் பதறியது. "நான் குதித்துவிடுகிறேன். நான் விட்டால் ஊட்டல் நின்றுவிடும்."

"குதிக்காதே!" என்றது பேட்டரி. "கரண்ட் ஓடும்போது நீ விட்டால் பொறி பறக்கும். அவருடைய தீக்குச்சிக்கு முன்னால் நீயே தீக்குச்சி ஆகிவிடுவாய்."

"அப்படியானால் என்னதான் செய்வது?"

"பிடித்துக்கொண்டு இரு."

கறுப்புக் கிளிப் ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து முதல் குச்சியை உரசினார். ஈரக் குச்சி, தலை உதிர்ந்தது.

பேட்டரிக்கு மனிதருடன் பேச வாய் கிடையாது. இருந்தது நாற்றம் ஒன்றுதான். கௌரவம் கருதி அதை இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது. இப்போது விட்டது. அளவு மீறி ஊட்டப்பட்ட பேட்டரியின் நாற்றம் அச்சு அசலாக அழுகிய முட்டையின் நாற்றம்.

நாச்சிமுத்து மூக்கைச் சுளித்தார். "அட, முட்டை கெட்டுப்போச்சாட்ட இருக்குது!"

பேட்டரிக்கு உயிரே போய்விட்டது. வேறு எந்த ஷெட்டிலும் எச்சரிக்கையாக இருந்திருக்கும் அந்த நாற்றம், முட்டை வண்டி நிற்கிற ஷெட்டில் முட்டையின் குற்றமாகிவிட்டது.

"கற்பூரம் ஏத்துனா நாத்தம் போயிரும்," என்று அவர் இன்னொரு குச்சியை எடுத்தார். தேடிப் பிடித்துக் காய்ந்த குச்சியாகவே எடுத்தார்.

பக்கக் கதவு திறந்தது. அவர் மனைவி ருக்குமணி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, அழுகுன முட்டைய வெச்சுக்கிட்டா சாமி கும்புடறீங்க?"

"பத்த வெச்சா நாத்தம் போயிரும் புள்ள."

"நாத்தம் போயிரும், முட்டை போயிருமா? கடைக்காரன் மூஞ்சிலயே அடிப்பான். அந்தத் தீப்பெட்டியக் கீழ வைங்க மொதல்ல."

வைத்தார்.

அவள் ஷட்டரை மேலே ஏற்றினாள். மழைக்காற்று உள்ளே வந்தது. வாயு யாரிடமும் விடைபெறாமல் கிளம்பிப் போனது.

முட்டையை விளக்கின்முன் பிடித்துத்தான் நல்லதா கெட்டதா என்று பார்ப்பார்கள். அந்த ஷெட்டில் பிளக் சொருக ஒரே இடம்தான். ருக்குமணி சுவிட்சை அணைத்தாள். சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். முட்டை பார்க்கிற விளக்கைச் சொருகினாள்.

"இன்னும் கொ..." என்றதோடு சார்ஜர் நின்றது.

"இனி நீங்கள் இறங்கலாம்," என்றது பேட்டரி. கிளிப்புகளுக்கு இறங்கத் தெம்பு இல்லை. பிறகு நாச்சிமுத்துதான் கழற்றினார்.

தட்டுத் தட்டாக முட்டைகள் விளக்கின்முன் வந்தன.

"எங்களை எதற்கு நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்கள்?" என்று ஒரு முட்டை கேட்டது. "நாங்கள் என்ன செய்தோம்?"

பேட்டரி இப்போது மூச்சுக்கூட விடவில்லை.

"ஒண்ணுமே கெடலீங்களே," என்றாள் ருக்குமணி.

"கெடாமயா இந்த நாத்தம்? தீவனத்துல என்னமோ கலக்கறான் பண்ணைக்காரன். எனக்கு அப்பவே சந்தேகந்தான்."

பேட்டரியை மாட்டியதும் வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது. அதை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, வாசல் தகரத்தின் கீழே கற்பூரம் காட்டினார்கள். நாச்சிமுத்து இரண்டு கைகளாலும் சுடரைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

சார்ஜர் பரணுக்குப் போனது. அதன் குமிழ் கடைசியிலேயே இருந்தது.

மறு வாரத்திலிருந்து நாச்சிமுத்து வேறு பண்ணையில் முட்டை எடுக்கத் தொடங்கினார்.