ஓலைக்கு ஒரு கூடு

கெணத்தோரமா சாஞ்சு நின்ன ஒரு பனமரத்துல நாலஞ்சு தூக்கணாங்குருவிங்க கூடு கட்டியிருந்துச்சுங்க. அதுல மஞ்சக்கொண்டைன்னு ஒரு ஆம்பளைக் குருவியோட கூட்டுக்குத்தான் மவுசு. கெணத்துக்கு நேர் மேல ஓலை, கீழ தண்ணி, ஜில்லுனு காத்து. உள்ள அவன் பொண்டாட்டி அரிசிமூக்கி மூணு முட்டை போட்டு அடைகாத்துட்டு இருந்தா.

அந்த நேரம் பாத்து வாய்க்காலோரத்துக் கருவேலமரத்த மனுசங்க வெட்டிட்டாங்க. அங்க இருந்த குருவிக்கூட்டம் மொத்தமும், துரும்பன்னு ஒரு எளவட்டப் பய தலைமையில, வாயில நாரோட வந்து நின்னுச்சு. மழை பிடிக்கிறதுக்குள்ள கூடு கட்டணும், கொஞ்சம் எடம் குடுங்கன்னு கேட்டுச்சு.

மஞ்சக்கொண்டைக்குப் பகீர்னுச்சு. ஒடனே கூட்டத்தப் போட்டான். கூடு இருக்கிறவன் மட்டும்தான் பேசலாம்னு மொதல்லயே சொல்லிட்டான், அதனால கூடு இல்லாதவன் பாட்ட யாருமே பேசல. ஆள் சேந்தா காத்தோட்டம் போயிரும், ஓலை பாரம் தாங்காது, விடியகாலத் தூக்கம் கெட்டுரும், மரத்தோட லட்சணமே போயிரும்னு அடுக்கினான். போன வருசம் இதே மரத்துல ஏழெட்டு கூட்டுக்கு நடுவுல மூக்க நொழைச்சு எடம் பிடிச்சவன் யாரு? இவன்தான். அது மட்டும் சுத்தமா மறந்துபோச்சு! கடைசியில தீர்மானம் போட்டாங்க: ஓலைக்கு ஒரு கூடு.

"சரிண்ணே. காலியா இருக்கிற ஓலையாவது குடுங்க"ன்னான் துரும்பன்.

அதுக்கும் மஞ்சக்கொண்டை வழி வச்சிருந்தான். தூக்கணாங்குருவியில ஆம்பளை மொதல்ல பாதிக் கூடுதான் கட்டுவான். பொண்ணு வந்து பாத்து, ஆட்டிப் பாத்து, புடிச்சிருக்குன்னு சொன்னாத்தான் மீதிய முடிப்பான். இவன் பொண்ணே வராத பாதிக் கூடா மளமளன்னு கட்டி, காலி ஓலை ஒவ்வொண்ணுலயும் தொங்கவிட்டுட்டான்.

"அண்ணே, இதுல யாரு இருக்கா?"

"வருவாங்க."

"யாரு வருவாங்க?"

"அது உனக்கெதுக்குடா? கூடு தொங்குதுல்ல? எடம் நெறஞ்சுபோச்சு. கெளம்பு."

துரும்பன் கூட்டம் வயக்காட்டுக்கு அந்தாண்ட இருந்த ஒத்த ஈச்சமரத்துக்குப் போயி, கூட்டோட கூடு இடிக்கிற மாதிரி நெருக்கியடிச்சு கட்டிக்கிச்சு. மஞ்சக்கொண்டை நெஞ்ச நிமித்திக்கிட்டு, "எம்புட்டு அமைதி பாத்தியா?"ன்னு பொண்டாட்டிகிட்ட பீத்திக்கிட்டான்.

"சனம் இருந்தா சத்தம் இருக்கும்யா. அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்கு தைரியம்"னா அரிசிமூக்கி.

ஒருநா மத்தியானம் அவன் நெல்லுக்குப் போயிருந்தான். அவளும் ஒரு வாய் தண்ணி குடிக்க எறங்குனா. சாரைப்பாம்பு சாவகாசமா மரத்துல ஏறுச்சு. போன வருசம் ஏழெட்டு கூடு இருந்தப்போ பாம்பு தலையத் தூக்குனாலே எவளாவது ஒருத்தி பாத்துக் கத்துவா, மொத்த மரமும் சேந்து கொத்தித் தொரத்தும். இப்போ ஓலைக்கு ஒரு கூடு. அதுலயும் பாதி வெறுங்கூடு. மத்தவங்களும் இரை தேடப் போயிட்டாங்க, மிச்சம் இருந்த ரெண்டொருத்தரும் மரத்துக்கு அந்தப் பக்கம். வெறுங்கூடு கத்துமா?

அரிசிமூக்கி திரும்பி வந்து போட்ட கூச்சல் ஈச்சமரம் வரைக்கும் கேட்டுச்சு. துரும்பன் கூட்டம் பறந்து வந்து பாம்பைக் கொத்திக் கெணத்துல தள்ளுச்சு. ஆனா அதுக்குள்ள மூணு முட்டையும் போயிருச்சு.

அரிசிமூக்கி அந்தக் கூட்டத் திரும்பிக்கூடப் பாக்கல. "அடுத்த முட்டை அந்த ஈச்சமரத்துலதான். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்"னு சொல்லிட்டு அவங்களோடவே பறந்துட்டா.

மறுநா மஞ்சக்கொண்டை வாயில நாரோட ஈச்சமரத்துக்கு முன்னால வந்து நின்னான். துரும்பன் அவன மேலயும் கீழயும் பாத்தான்.

"காத்தோட்டம் கம்மிதாண்ணே. பரவால்லயா?"

மஞ்சக்கொண்டை தலையக் குனிஞ்சுக்கிட்டான். துரும்பன் தன் கூட்ட ஒரு ஓரமாத் தள்ளி எடம் விட்டான்.

அக்கம்பக்கத்துல ஆளே வரக்கூடாதுன்னு தடுக்கிறவனுக்கு, ஆபத்துன்னு கத்தும்போது அக்கம்பக்கமே இருக்காது.