மாலை மணிக்குப் பின் எழுதிய நாடகம்

கருங்குளம் ஜமீன் கச்சேரியில் கடிதங்கள் எழுதும் பணி திருமேனியுடையது. மாலை மணி அடித்ததும் அவர் வீட்டுக்குப் போய்த் தம் சொந்த நாடகத்தை எழுத உட்கார்ந்துவிடுவார். ஜமீன்தாருக்கு இது பொறுக்கவில்லை.

“ஓய் திருமேனி! என் சோற்றைத் தின்கிற கை அது. எந்நேரம் எதை எழுதினாலும் அது எனக்கே சொந்தம். இனி மணி அடித்தாலும் எழுந்திருக்கக் கூடாது!”

“உத்தரவு, எசமான். அப்படியானால் நான் முடித்து வைத்திருக்கும் நாடகமும் தங்களுடையதுதானே?”

“அதிலென்ன சந்தேகம்? திருவிழாவில் என் பெயரைச் சொல்லியே ஆடட்டும்!”

திருவிழாவன்று, “ஜமீன்தார் அவர்கள் தம் திருக்கரத்தால் எழுதிய நாடகம்!” என்று கட்டியங்காரன் முழங்கினான். ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மேடைக்கு ஒரு ராஜா வந்தார். அவர் கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே சொடுக்குப் போடவே ஓர் ஆள் உண்டு. அன்று அந்த ஆள் வரவில்லை. திறந்த வாயை மூட வழி தெரியாமல் ராஜா சபையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜமீன்தாரின் கொட்டாவிக்குச் சொடுக்குப் போடவென்றே அவர் நாற்காலிக்கு அருகே நின்றிருந்த ஆளைப் பார்த்துப் பார்த்து ஊரே சிரித்தது.

“எசமான் தம்மைப் பற்றி எவ்வளவு உண்மையாக எழுதிவிட்டார்!” என்றாள் ஒருத்தி.

ஜமீன்தார் துள்ளி எழுந்தார். “நான் எழுதவில்லை! எல்லாம் அந்தத் திருமேனியின் வேலை! மணி அடித்த பிறகு அவன் எழுதுவதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!”

திருமேனி கைகூப்பி எழுந்தார்.

“உத்தரவு, எசமான். இத்தனை பேரும் சாட்சி.”