இசக்கியோட விரதம்

ஒரு ஊர்ல ஒரு காலேஜ். அந்தக் காலேஜ்ல ஒரு பொண்ணு, பேரு இசக்கி. அந்த இசக்கி வயித்துக்குள்ள ஒரு தவளை. மத்தியான மணி டிங் டிங்னு அடிச்சா போதும், கொர்ர்ர்ர்னு கத்த ஆரம்பிச்சிரும்.

நெசத் தவளை இல்ல கண்ணு. பசிதான். ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

ம்...

அவ ஊரு ரொம்ப தூரம். இருட்டோட எந்திரிச்சு, ஒரு டம்ளர் கஞ்சியக் குடிச்சிட்டு, மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துருவா. மத்தியானத்துக்குக் கட்டிக் குடுக்க வீட்டுல சோறு இருக்காது. அம்மா பீடி சுத்துறவ, கீழ ரெண்டு தம்பிங்க. மக பட்டினி கிடக்கான்னு தெரிஞ்சா அம்மா என்ன சொல்லுவா? "படிச்சது போதும், வீட்டுக்கு வந்துரு"ன்னுருவா. இசக்கிக்கு எப்படியாவது படிச்சு முடிச்சிரணும். அதனால காலேஜ்லயே சோறு கிடைக்குதுன்னு அம்மாட்ட சொல்லி வச்சிருந்தா, பசியப் பத்தி யார்ட்டயும் மூச்சு விட மாட்டா. குழாயடிக்குப் போயி மடக் மடக்னு தண்ணியக் குடிப்பா, வந்து உக்காந்துக்குவா.

அப்புறம் ஒரு திங்கக்கிழமை, தமிழ் நடத்துற கோமதி மேடம் பாத்துட்டாங்க. அந்த மேடத்துக்கு நெத்தி நிறைய திருநீறு, வாய் நிறைய சாமி பேரு. "ஏம்மா, சாப்பிடலியா? வா, என் எலுமிச்சஞ்சோத்துல பாதி எடுத்துக்கோ."

இசக்கிக்குக் கூச்சமாப் போச்சு. "இன்னைக்கு சோமவாரம் மேடம். விரதம்."

"அடடா, இந்த வயசுல இப்படி ஒரு பக்தியா!"ன்னு மேடம் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. எலுமிச்சஞ்சோறு போயிருச்சு. கொர்ர்ர்!

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூடப் படிக்கிற மும்தாஜ் டப்பாவத் திறந்தா, நெய்ச்சோறு. கமகமகமன்னு வாசம். "ஏட்டி இசக்கி, கைய நீட்டு."

"இன்னைக்கு முருகனுக்கு விரதம்ட்டி."

மும்தாஜ் அவள மேலயும் கீழயும் பாத்தா. "எங்க நோன்புக்காவது சாயங்காலம் கஞ்சி உண்டு. உங்க முருகன் எப்போ கஞ்சி ஊத்துவாருட்டி?"

 அதுக்குத் தவளைதான் பதில் சொல்லுச்சு, கொர்ர்ர்!

அப்புறம் புதன்கிழமை வந்துச்சு. கேன்டீன்ல செல்லத்தாயக்கா சொர்ர்ர்னு வடை சுட்டுக்கிட்டு இருந்தா. "புள்ள, மொத ஈடு. சும்மா தின்னு பாத்து உப்பு சரியான்னு சொல்லு."

"வேண்டாங்க்கா... இன்னைக்கு வந்து... பெருமாளுக்கு விரதம்."

"பெருமாளுக்குச் சனிக்கிழமைல்லா?"

"எங்க ஊர்ப் பெருமாளுக்கு புதன்கிழமைக்கா!"

இவ்வளவுதான். காலேஜ் பூரா பரவிருச்சு. வாரம் முழுக்க விரதம் இருக்குற பொண்ணாம், பெரிய பக்தையாம்! பரீட்சை எழுதப் போறவளுக எல்லாம் வந்து, "அக்கா, உன் கையால திருநீறு பூசி விடுக்கா"ன்னு நிக்கிறாளுக. ஒருத்தி எலுமிச்சம்பழத்தக் கொண்டாந்து காலடியில வச்சா. இசக்கி அதையே பாத்துக்கிட்டு இருந்தா. தோலோட தின்னா தொண்டையில இறங்குமான்னு யோசனை.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும். ம் கொட்டு.

ம்!

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்துச்சு. கோமதி மேடம் மொத நாளே சொல்லிட்டாங்க. "இசக்கி, நீதான் விளக்கேத்தணும். காலையில பச்சத்தண்ணிகூட பல்லுல படக்கூடாது, தெரியுதா?" பாவம், இருந்த ஒரு டம்ளர் கஞ்சியும் போச்சு!

பூஜையில ஒரு பக்கம் சக்கரைப் பொங்கல், ஒரு பக்கம் புளியோதரை, நடுவுல சுண்டல். வாசம் வந்து மூக்கப் பிடிச்சு இழுக்குது. இசக்கி தீக்குச்சியக் கிழிச்சா. சர்ருனு பத்துச்சு. விளக்கு ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சுது, ரெண்டு நாலாத் தெரிஞ்சுது. தொப்!

"அய்யய்யோ, சாமி வந்துருச்சு!"ன்னு ஒருத்தி கத்துனா. அம்புட்டுப் பேரும் தடதடன்னு கும்பிட்டு விழுந்தாங்க. பிரின்சிபால் சார் ஒத்தக் காலுல நின்னு பூட்ஸக் கழட்டுறாரு.

கோமதி மேடம் கை கூப்பிக்கிட்டுக் கிட்ட வந்தாங்க. "தாயே, உனக்கு என்ன குறை? வாயத் திறந்து சொல்லு தாயே."

இசக்கி அரைக் கண்ணுல பாத்தா. "சோறு..."

"பொங்கச்சோறா தாயே, புளிச்சோறா?"

"எதுன்னாலும்..."

மும்தாஜ் கூட்டத்த இடிச்சுக்கிட்டு வந்தா. "ரெண்டையும் வைங்க மேடம்!" வாழையிலையில அள்ளி வச்சு அவளே ஊட்டி விட்டா. அவக் அவக்னு இசக்கி முழுங்குனா. கொஞ்சம் தெளிஞ்சதும் நிமிந்து பாத்தா, காலேஜே கும்பிட்டுக்கிட்டு நிக்குது. கம்முனு சாமியாவே இருந்திருக்கலாம். அவளால முடியல. சாமிக்கு முன்னால உக்காந்துக்கிட்டு எப்படிப் பொய் சொல்றது?

"மேடம், சாமியெல்லாம் வரல. பசிதான் மேடம்."

"அப்போ சோமவாரம்?"

"பசி மேடம்."

"செவ்வாய்க்கிழமை முருகன்?"

"பசி."

"உங்க ஊர்ப் பெருமாளு?"

"எங்க ஊர்ல பெருமாள் கோயிலே கிடையாது மேடம்."

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அப்போ பின்னாலருந்து ஒரு பொண்ணு மெதுவா, "மேடம், பல்வலி, சாப்பாடு வேண்டாம்னு தினமும் சொல்வேன்ல, எனக்கும் பல்வலி கிடையாது"ன்னா. இன்னொருத்தன், "நான் வீட்டுல சாப்பிட்டு வந்தேன்னு சொல்றதும் பொய்தான் சார்"னான். அப்புறம் ஒண்ணொண்ணாக் கை உசந்துச்சு. சிரிப்பு நின்னு போச்சு.

மேடத்துக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி. "பசிச்ச புள்ளையப் பட்டினி போட்டுல்ல விளக்கேத்தச் சொல்லிட்டேன்!" அவங்க வீட்டுல தினமும் உலை வைக்கும்போது கோயிலுக்குன்னு ஒரு பிடி அரிசி எடுத்து ஒரு பானையில போட்டு வைப்பாங்க. பூஜை லீவு முடிஞ்ச மொத நாளே அந்தப் பானைய இடுப்புல தூக்கிக்கிட்டு காலேஜுக்கு வந்துட்டாங்க. மத்த வாத்தியாருங்க வீட்டுலயும் பிடி அரிசி எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க. செல்லத்தாயக்கா உலை வச்சா, குழம்பக் கொதிக்க விட்டா.

மத்தியானம் மணி அடிச்சுது. சோறு ஆவி பறக்குது. ஆனா ஒருத்தரும் வரல.

ஏன்னு தெரியுதா? கூச்சம் கண்ணு. மொதல்ல போயி உக்காந்தா, அவதான் இல்லாதவன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்ல?

மும்தாஜ் பாத்தா. தன் நெய்ச்சோத்து டப்பாவ மூடி பைக்குள்ள போட்டா. ஒரு தட்ட எடுத்துக்கிட்டு மொத ஆளாத் தரையில சம்மணம் போட்டு உக்காந்தா. அவ பக்கத்துல கோமதி மேடம். அப்புறம் பிரின்சிபால் சார், உக்காரவே அஞ்சு நிமிசம் ஆச்சு அவருக்கு. அப்போ திமுதிமுன்னு எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. இப்போ யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு எப்படித் தெரியும்? தெரியாதுல்ல!

இசக்கியும் உக்காந்து சாப்பிட்டா. தட்டு காலியாச்சு. செல்லத்தாயக்கா கரண்டியோட வந்து நின்னா. "போதுமா புள்ள?"

எப்பவும் வேண்டாம் வேண்டாம்னே சொல்லிப் பழகுன புள்ள. தட்ட நல்லா நீட்டி, ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னா. "இன்னும் கொஞ்சம்!"

ம்...

அவ வயிறும் நிறைஞ்சுது, நம்ம கதையும் நிறைஞ்சுது. கண்ண மூடிக்க ராசாத்தி, தூங்கு.